பழங்கற்படி

1

கீழக்குயில்குடியில் எங்கள் வீட்டு டி.வி.க்குப் பின்னால் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி இருக்கிறது. விசிறி இல்லை, சத்தம் இல்லை. ஒரு குண்டு பல்புக்கு ஆகும் கரண்டில் கால்வாசிகூட அதற்கு வேண்டாம். அதற்குள் எங்கள் குடும்பத்தின் முப்பது வருட வீடியோக்கள் கிடக்கின்றன. 1996-இல் நடந்த அத்தை கல்யாணம், வரிசையாகக் காதுகுத்துகள், ஒரு புதுமனை புகுவிழா, போன வருடம் சித்தப்பா மகன் போனில் எடுத்த வளைகாப்பு. கூடவே கொஞ்சம் சினிமா. ஜெல்லிஃபின் என்ற இலவச மென்பொருள் இவற்றை வரிசைப்படுத்தி, கேட்கிற டி.வி.க்கும் போனுக்கும் வைஃபை வழியே அனுப்புகிறது.

பெரும்பாலும் அனுப்புகிறது. சில நேரம் திரையில் வட்டம் சுற்றும். "ஏப்பா, இது ஏன் சுத்திக்கிட்டே நிக்குது?" என்று அப்பா கேட்பார். "பெட்டிக்கு சக்தி பத்தலை, பெருசா ஒண்ணு வாங்கு" என்று யாராவது சொல்வார்கள். அந்தப் பதில் பாதிதான் சரி. சக்தி பத்தாத அதே பெட்டிதான் இரண்டரை மணிநேரப் படத்தை ஒரு திக்கல் இல்லாமல் ஓட்டுகிறது. அப்படியானால் மூன்று நிமிட வளைகாப்பு வீடியோவில் மட்டும் ஏன் மூச்சு வாங்குகிறது? சக்தியை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது, வீடியோ வடிவங்களின் வரலாற்றுக்குள் போகவேண்டும்.

முதலில் பெட்டி செய்யும் இரண்டு வேலைகளைப் பிரித்துக்கொள்வோம். தபால்காரர் வந்த கடிதத்தை வந்தபடியே வீட்டில் போட்டுவிட்டுப் போகலாம். அதில் அவருக்கு நடைதான் வேலை. வாங்குகிறவருக்கு அந்த மொழி தெரியாவிட்டால்? வாசலில் உட்கார்ந்து, உறையைப் பிரித்து, படித்து, தெரிந்த மொழியில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். முதல் வேலைக்குப் பெயர் டைரக்ட் ப்ளே. இரண்டாவது டிரான்ஸ்கோடிங்.

முழு எச்.டி. படத்தில் ஒரு சட்டகத்துக்கு 1920 பெருக்கல் 1080, அதாவது 20 லட்சத்துச் சொச்சம் புள்ளிகள். நொடிக்கு 25 சட்டகம் என்றால் 5 கோடிக்கு மேல். சுருக்கி வைத்த கோப்பை விரித்து, இந்த 5 கோடிப் புள்ளிகளையும் எழுப்பி, மறுபடி வேறு முறையில் சுருக்கி, அடுத்த நொடி வருவதற்குள் முடித்தாக வேண்டும். விரிப்பதை விடச் சுருக்குவது பல மடங்கு கடினம். சின்னப் பெட்டி இங்கேதான் திணறுகிறது.

2

ஒரே ஒரு சுருக்கும் முறை இருந்திருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. ஏன் இத்தனை முறைகள் வந்தன?

அந்தக் கதையின் தொடக்கத்தில் பெங்களூரில் பிறந்த நாசிர் அகமது இருக்கிறார். அமெரிக்காவின் கான்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது, 1972-இல் ஒரு யோசனைக்கு ஆராய்ச்சிப் பணம் கேட்டு அந்நாட்டு தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு விண்ணப்பித்தார். பணம் கிடைக்கவில்லை. யோசனை ரொம்ப எளிமையாக இருக்கிறது என்று மதிப்பீட்டாளர்கள் கருதியதாகப் பிற்பாடு அவரே எழுதியிருக்கிறார். தன் மாணவர் டி. நடராஜன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த கே. ஆர். ராவ் இருவரோடும் சேர்ந்து அந்த வேலையைத் தொடர்ந்தார். 1974 ஜனவரியில் சில பக்கங்களே கொண்ட ஒரு கட்டுரையாக அது வெளிவந்தது. டிஸ்கிரீட் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம் என்று அதற்குப் பெயர்.

அது செய்வது இதுதான். படத்தைச் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் அலைகளின் கூட்டாக எழுதுகிறது. சுண்ணாம்புச் சுவரில் நிழல் மெல்ல மாறுவது ஒரு நீண்ட அலை. பட்டுச்சேலையின் ஜரிகையில் வெளிச்சம் சட்டுச்சட்டென்று மாறுவது பல குறுகிய அலைகள். மனிதக் கண் குறுகிய அலைகளை அவ்வளவாகக் கவனிக்காது. ஆகவே இடம் பத்தாதபோது அவற்றைத்தான் முதலில் தூக்கி எறியலாம். போட்டோவுக்கான ஜேபெக் முதல் இன்றைய வீடியோ முறைகள் வரை பெரும்பாலானவற்றின் அடியில் இந்தக் கணக்கு, அல்லது அதன் உறவுக்காரக் கணக்கு இருக்கிறது.

எறிந்தது எறிந்ததுதான், திரும்ப வராது. இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1988-இல் இத்தாலியரான லியோனார்டோ கியாரிலியோனேயும் ஜப்பானியரான ஹிரோஷி யசுதாவும் எம்பெக் குழுவைத் தொடங்கினார்கள். 1993-இல் எம்பெக்-1 தரநிலை வெளியானது. அதே வருடம் அதன்மேல் கட்டிய வி.சி.டி. வந்தது. நம் பக்கத்து வி.சி.டி.க்கான அளவு 352 பெருக்கல் 288 புள்ளிகள், நொடிக்கு 25 சட்டகம், படத்துக்கு நொடிக்கு 1150 கிலோபிட், ஒலிக்கு 224. ஒரு வட்டில் 74 நிமிடம். தமிழ்ப் படங்கள் இரண்டு, மூன்று வட்டுகளில் வந்ததும், பாட்டு முடிகிற நேரத்தில் எழுந்து போய் வட்டு மாற்றியதும் இந்தக் கணக்கினால்தான். மதுரையில் பல கல்யாண ஸ்டுடியோக்கள் டேப்பை விட்டு வி.சி.டி.க்கு மாறியதும் அந்தக் காலம்தான்.

அப்புறம் வரிசையாக வந்தன. டி.வி.டி.க்காக எம்பெக்-2. 1999-இல் மைக்ரோசாஃப்டின் எம்பெக்-4 கோடெக்கைப் பிரித்து மேய்ந்து பிரெஞ்சுக்காரரான ஜெரோம் ரோட்டா வெளியிட்ட டிவ்எக்ஸ். ஒரு முழுப் படத்தை 700 எம்.பி. சி.டி.யில் அடக்கியதால் உலகம் முழுக்க அது பரவியது. 2003-இல் எச்.264. பழைய முறைகளின் பாதி அளவில் அதே தரம் என்பதுதான் அதன் வாக்குறுதி. பெரிய அளவில் அது காப்பாற்றப்பட்டது. போன், டி.வி., பிரவுசர் எல்லாமே அதைக் கற்றுக்கொண்டன.

2013-இல் எச்.இ.வி.சி., அதாவது எச்.265. இதுவும் தொழில்நுட்பத்தில் பெரிய தாவல். ஆனால் காப்புரிமைக் கட்டணம் வசூலிக்க ஒன்றுக்குப் பதில் மூன்று கூட்டமைப்புகள் கிளம்பின. எந்தக் கூட்டமைப்பிலும் சேராத உரிமையாளர்களும் இருந்தார்கள். யாருக்கு எவ்வளவு கட்டவேண்டும் என்பதே குழப்பம். பிரவுசர்கள் பல வருடம் அதைத் தொடவில்லை. குரோம் 2022-இல்தான் திறந்தது, அதுவும் சாதனத்தின் சிப்பு கைகொடுத்தால் மட்டும். வெறுத்துப்போன கூகுள், அமேசான், நெட்ஃபிளிக்ஸ், மொசில்லா, மைக்ரோசாஃப்ட், இன்டெல், சிஸ்கோ 2015-இல் ஒன்றுசேர்ந்து, கட்டணமில்லாத ஏ.வி.1 முறையை 2018-இல் வெளியிட்டன. ஆப்பிள் இன்னொரு பக்கம் போனது. 2017 முதல் ஐபோன்கள் எச்.இ.வி.சி.யில் பதிவுசெய்யத் தொடங்கின.

எங்கள் பெட்டியின் ஒரே ஃபோல்டரில் எம்பெக்-1, டிவ்எக்ஸ், எச்.264, எச்.இ.வி.சி. எல்லாம் அடுத்தடுத்துக் கிடப்பதன் காரணம் இதுதான். ஒவ்வொரு கோப்பும் அது பிறந்த வருடத்து ஒப்பந்தங்களையும் சண்டைகளையும் சுமந்துகொண்டு வந்திருக்கிறது.

3

சின்னப் பெட்டி படத்தை எப்படி ஓட்டுகிறது என்பதிலும் ஒரு வரலாறு உண்டு. அதன் பொதுவான மூளை மெதுவானது. ஆனால் சிப்பின் ஒரு மூலையில், குறிப்பிட்ட சில முறைகளை மட்டும் விரிப்பதற்கென்றே சுற்றுகள் செதுக்கப்பட்டிருக்கும். அந்த முறையில் வந்த கோப்பு என்றால் வியர்க்காமல் ஓடும். இல்லையென்றால் எல்லாச் சுமையும் மெதுவான மூளையின் தலையில். செதுக்கியது செதுக்கியதுதான், பின்னால் வந்த முறையை அதற்குக் கற்றுக்கொடுக்க முடியாது.

2012 பிப்ரவரி 29-இல் விற்பனைக்கு வந்த ராஸ்பெர்ரி பை இதற்கு நல்ல உதாரணம். 35 டாலர் கணினி, ஆனால் எச்.264 முழு எச்.டி. படம் அதில் வெண்ணெய் மாதிரி ஓடியது. எம்பெக்-2-க்கான வசதியும் சிப்பில் இருந்தது. பூட்டி வைத்திருந்தார்கள். விலையை ஏற்றாமல் இருக்க காப்புரிமைக் கட்டணத்தைச் சேர்க்கவில்லை. வேண்டுமென்றால் 2.40 பவுண்டு, அன்றைய மதிப்பில் சுமார் 200 ரூபாய், தனியாகக் கட்டி, உங்கள் பலகையின் வரிசை எண்ணுக்கு மட்டும் வேலை செய்யும் சாவியை வாங்கவேண்டும். அறிவு உள்ளே இருக்கிறது, அனுமதிதான் வெளியே.

2023-இல் வந்த ராஸ்பெர்ரி பை 5 வேறுமாதிரி. பொது மூளை வேகமாகிவிட்டதால் எச்.264-க்கான தனிச் சுற்றை எடுத்துவிட்டார்கள். எச்.இ.வி.சி.யை விரிக்கும் சுற்று இருக்கிறது. சுருக்குவதற்கான சுற்று எதுவுமே இல்லை. எனவே படம் பார்க்க அது நல்ல பெட்டி, டிரான்ஸ்கோடிங்குக்கு இல்லை. இதற்கு மறுபக்கமும் உண்டு. இன்டெல் 2011-லிருந்து தன் செயலிகளில் சுருக்கும் சுற்றையும் சேர்த்து வருவதால், 6 வாட் அளவிலான அதன் சின்னச் செயலிகள்கூட இந்த வேலையைத் தாங்குகின்றன.

வளைகாப்பு வீடியோவின் மர்மம் இப்போது புரியும். நொடிக்கு 60 சட்டகம், 4கே, எச்.இ.வி.சி. ஐபோனில் இப்படி எடுத்தால் நிமிடத்துக்கு 400 எம்.பி. வரும். வி.சி.டி.யில் ஒரு நிமிடம் சுமார் 10 எம்.பி.தான். அதனால் 1996 கல்யாணத்தை எங்கள் பெட்டி கேட்கிற வடிவத்துக்கு அந்த நொடியே மாற்றிக் கொடுத்துவிடுகிறது. போன வருட வளைகாப்பில்தான் விழுந்துவிடுகிறது. பழையதில் சுமை இல்லை. அதன் ஆபத்து வேறு, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஆக, பெட்டியைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி "எவ்வளவு சக்தி" என்பதைவிட, "அதற்கு எந்த எழுத்து படிக்கத் தெரியும்" என்பதுதான். இது எங்கள் ஊருக்குப் புதிய கேள்வி இல்லை.

4

எங்கள் ஊரின் அடையாளம் சமணர் மலை. அடிவாரத்தில் தாமரைக்குளமும் அய்யனார் கோயிலும். படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளம், அங்கே பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள், நடுவே பாகுபலி. மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவு குகை. சிற்பங்களின் கீழே கல்வெட்டுகள், 9, 10-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. விடுமுறை நாளில் வருகிறவர்கள் அவற்றின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். யாருக்கும் படிக்க வராது. கல் தேய்ந்ததால் அல்ல. பல எழுத்துகள் இன்றும் தெளிவாகவே இருக்கின்றன. அவை வட்டெழுத்து.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், மொழி தமிழ்தான் என்பது. யாரேனும் வாய்விட்டுப் படித்தால் காதில் விழுவது நமக்குப் பெரும்பாலும் புரியக்கூடிய தமிழ். அச்சணந்தி என்ற துறவியின் தாய் குணமதியார் செய்வித்த திருமேனி இது என்று ஒரு கல்வெட்டு சொல்கிறது. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு தாயின் பெயர், எங்கள் மலையில். உள்ளடக்கம் நம்முடையது, எழுத்து மட்டும் கைமாறிவிட்டது. பத்தாம் நூற்றாண்டின் கடைசியில் முதலாம் ராஜராஜன் பாண்டிய நாட்டைப் பிடித்த பிறகு, சோழர் நிர்வாகத்தோடு இன்றைய தமிழ் எழுத்தின் முன்னோர் வடிவம் இங்கே பரவியது. வட்டெழுத்து கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது. கேரளப் பகுதியில் மட்டும் இன்னும் பல நூற்றாண்டுகள் உயிரோடு இருந்தது. பிடித்தவன் சொல்கிற எழுத்து நிற்கிறது, மற்றது ஓய்கிறது. கோடெக் சண்டைகளுக்கும் இதற்கும் ரொம்ப தூரமில்லை.

எழுத்தை மாற்றுவதும் மொழியை மாற்றுவதும் வேறுவேறு. வட்டெழுத்தைத் தமிழ் எழுத்தில் பெயர்த்து எழுதினால் சொல் ஒன்றும் போகாது. ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தால் "திருமேனி"யில் பாதி போய்விடும். வீடியோவிலும் இப்படித்தான். எம்.கே.வி., எம்.பி.4 என்பதெல்லாம் கன்டெய்னர், வெறும் உறை. உள்ளே இருக்கும் கோடெக்கைத் தொடாமல் உறையை மட்டும் மாற்றினால் ரீமக்ஸ். ஒரு புள்ளியும் இழப்பில்லை, சின்னப் பெட்டிக்கும் அது விளையாட்டு. கோடெக்கை மாற்றுவதுதான் மொழிபெயர்ப்பு. அதில்தான் சுமை, அதில்தான் இழப்பு.

சரி, படிக்க முடியாமல் போகப்போகிற ஒன்றை என்ன செய்வது? கும்பகோணத்துக்குப் பக்கத்தில் திருக்கோடிக்காவல் கோயிலில் அதற்கு ஒரு பதில் இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி அந்தக் கோயிலைக் கற்றளியாகத் திருப்பிக் கட்டினார். பழைய கற்களில் பல்லவர் காலம் முதல் வந்த கொடைக் கல்வெட்டுகள் இருந்தன. அவற்றைத் தூக்கி எறியவில்லை. படித்து, புதுச் சுவரில் மறுபடி பொறித்தார்கள். அப்படிப் பொறித்ததில், இது ஒரு பழங்கற்படி என்று குறிப்பும் போட்டார்கள். பழைய கல்லிலிருந்து எடுத்த படி, நகல்.

அவர்கள் செய்ததைக் கவனியுங்கள். கேட்டு வருகிற ஒவ்வொருவருக்கும் பழைய கல்லைத் தேடி எடுத்துப் படித்துச் சொல்ல ஒரு ஆளை உட்கார வைக்கவில்லை. திறமையும் நேரமும் பணமும் கையில் இருந்த சமயத்தில், ஒரே ஒரு முறை, கவனமாக மாற்றி வைத்தார்கள். அதன்பிறகு படிக்க வருகிறவருக்குச் சுவர் போதும்.

5

குறைந்த சக்தியுள்ள பெட்டிக்கு நான் கண்ட வழியும் இதுவேதான். பார்க்கும்போதெல்லாம் மாற்றாதே, முன்கூட்டியே ஒரு தடவை மாற்றி வை.

முதலில் வீட்டில் யார் எதில் பார்க்கிறார்கள் என்று எழுதிக்கொண்டேன். அப்பாவின் பத்து வருட டி.வி., திருநகரில் அத்தையின் போன், தம்பியின் லேப்டாப் பிரவுசர். இருப்பதிலேயே குறைவாகப் படிக்கத் தெரிந்தது எதுவோ அதுதான் அளவுகோல். எங்கள் வீட்டில் அது டி.வி. அதற்கும் மற்ற எல்லாவற்றுக்கும் பொதுவாகத் தெரிந்த எழுத்து: எச்.264, 8 பிட், ஏ.ஏ.சி. ஒலி, எம்.பி.4 உறை. எச்.264-இலேயே 10 பிட் வகை ஒன்று உண்டு. 2011 வாக்கில் அனிமே ரசிகர் குழுக்கள் அதற்கு மாறின. பெயர் எச்.264 என்றே இருந்தாலும் பெரும்பாலான சிப்புகளுக்கு அது தெரியாது. ஆகவே பெயரை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது.

பிறகு ஒவ்வொரு கோப்பாகப் பிரித்தேன். கோடெக் சரி, உறைதான் தப்பு என்றால் ரீமக்ஸ், சில நொடி வேலை. படம் சரி, ஒலி மட்டும் டி.டி.எஸ். மாதிரி எதிலாவது இருக்கிறது என்றால் ஒலியை மட்டும் மாற்றினால் போதும், படத்தைத் தொட வேண்டாம். மிச்சமிருப்பவைதான் முழு மாற்றம். அவற்றை ராத்திரியில் லேப்டாப்பிடம் கொடுத்துவிட்டுத் தூங்கப் போய்விடலாம். ஃபாப்ரீஸ் பெல்லார் 2000-இல் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் என்ற கருவி இதைச் செய்கிறது. மெதுவான ப்ரீசெட்டைத் தேர்ந்தெடுங்கள், சி.ஆர்.எஃப். எண்ணை 20 பக்கத்தில் வையுங்கள். எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெருக்கும். அந்த 4கே வளைகாப்பை முழு எச்.டி.யாக, நொடிக்கு 30 சட்டகமாக, எச்.டி.ஆர். நிறங்களைச் சாதாரண திரைக்கு இறக்கி மாற்றினேன். லேப்டாப்புக்கு அவசரம் இல்லை. ஒரு நொடிப் படத்துக்கு ஐந்து நொடி எடுத்துக்கொண்டாலும் யாரும் காத்திருக்கவில்லையே.

சப்டைட்டிலில்தான் பலரும் மாட்டிக்கொள்வார்கள். புளூ-ரேயிலிருந்து வரும் சப்டைட்டில் எழுத்தாக இருக்காது, படமாக இருக்கும். பிரவுசருக்கு அதைத் தானாகக் காட்டத் தெரியாது. சர்வர் அதைப் படத்தின்மேல் ஒட்டி அனுப்ப நேர்ந்தால், அதற்கு முழு வீடியோவையும் டிரான்ஸ்கோடிங் செய்தாக வேண்டும். ஒரு வரி சப்டைட்டிலுக்காக 5 கோடிப் புள்ளி. பக்கத்தில் எஸ்.ஆர்.டி. கோப்பாக, யூனிகோடில் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை போச்சு. யூனிகோடு முக்கியம். டிஸ்கி காலத்துத் தமிழ்க் கோப்பு என்றால் திரையில் பூச்சி பறக்கும். அதுவும் ஒரு வட்டெழுத்துதான்.

இன்னும் இரண்டு. ஆப்பில் தரம் "ஆட்டோ" என்றிருந்தால், வைஃபை கொஞ்சம் மந்தமானதும் அது சின்ன அளவைக் கேட்கும், சர்வர் மாற்றக் கிளம்பிவிடும். வீட்டுக்குள் பார்க்கும்போது அதை அதிகபட்சத்தில் வைத்துவிடுங்கள். எல்லாம் முடிந்தபிறகு ஜெல்லிஃபினில் ஒவ்வொரு பயனருக்கும் வீடியோ டிரான்ஸ்கோடிங் அனுமதியையே எடுத்துவிடலாம். மாற்றாமல் விட்ட கோப்பு ஏதும் இருந்தால் ஓடாமல் நின்று தானே கையைத் தூக்கும்.

6

இதுவரை சொன்னது சுமை பற்றி. அத்தை கல்யாண வீடியோவில் சுமை இல்லை, இழப்பு இருக்கிறது.

1996-இல் தோளில் வைத்து எடுக்கும் பெரிய வி.ஹெச்.எஸ். கேமராவில் பதிவானது அது. டேப்பில் ஒவ்வொரு நொடியும் 50 அரைப்படங்களாக இருந்தது. ஒற்றைப்படை வரிகள் ஒரு கணம், இரட்டைப்படை வரிகள் அடுத்த கணம். 2003-இல் வி.சி.டி.க்கு மாற்றினார்கள். வி.சி.டி.யின் 288 வரிகளில் ஒரு பாதிக்குத்தான் இடம். நொடிக்கு 50 கணங்கள் 25 ஆயின. ஜரிகை எல்லாம் சதுரம் சதுரமாகக் கரைந்தது. டேப்பில் பூஞ்சை பிடித்து அதுவும் போய்விட்டது. இப்போது மூலம் என்று இருப்பது அந்த வட்டிலிருந்து எடுத்த எம்பெக்-1 கோப்புதான்.

அதில் எங்கள் அப்பத்தா பதினோரு நொடி வருகிறார். பந்தியில் உட்கார்ந்திருக்கிறார், கேமராக்காரரின் வெளிச்சம் முகத்தில் அடிக்கிறது. கையால் மறைத்துக்கொண்டு, "லைட்ட அமத்துய்யா, கண்ணு கூசுது" என்கிறார். அசையும் அப்பத்தாவும், அப்பத்தாவின் குரலும் இவ்வளவுதான் எங்களிடம் உண்டு.

போனிலும் பிரவுசரிலும் ஓட அதற்கும் ஒரு எச்.264 படி எடுத்தேன். வசதியாக இருக்கிறது, எல்லோரும் அதைத்தான் பார்க்கிறார்கள். இடம் மிச்சமாகுமே என்று இந்த இடத்தில் பலர் மூலத்தை அழித்துவிடுகிறார்கள். பத்து வருடத்தில் எச்.264-உம் ஓயலாம். அன்றைக்குப் படியிலிருந்து படி, அதிலிருந்து இன்னொரு படி என்று போனால் ஒவ்வொரு முறையும் குறுகிய அலைகள் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். அப்பத்தாவின் கைவிரல்கள் ஏற்கெனவே நாலைந்து புள்ளிதான். பழைய கோப்பு வெறும் 600 எம்.பி. அதை அப்படியே இரண்டு இடங்களில் வைத்திருக்கிறேன். அடுத்த படி எதுவானாலும் அதிலிருந்துதான் எடுக்கப்படும்.

திருக்கோடிக்காவலில் பொறித்தவர்கள் செய்ததையும் செய்தேன். வீடியோவின் பக்கத்தில் ஒரு சின்ன எழுத்துக் கோப்பு: "1996 வி.ஹெச்.எஸ். டேப். 2003-இல் வி.சி.டி. ஆனது. டேப் இப்போது இல்லை. இது வி.சி.டி.யிலிருந்து எடுத்த படி. வி.சி.டி. கோப்பை அழிக்க வேண்டாம்." கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறேன், பின்னால் வருகிற யாருக்காவது தேவைப்படும்: "41-ஆவது நிமிடம், பந்தி, இடதுபக்கம் இரண்டாவது ஆள், அப்பத்தா."